நானூற்றுப் பன்னிரண்டு ஆவுளியா

புனித செபஸ்தியார் துணை

மன்னார்
14.06.2017

கொழும்பு மாநகரில் சுற்றாடல் ஆலோசனைக் கம்பனியொன்றில் சிரேஷ்ட நீர்வாழ் சூழலியலாளராக வீற்றிருக்கும் அன்பு மருமகள் பிரான்சிஸ்காவுக்கு, உன் தாய்மாமன் எமிலியானுஸ் எழுதும் மடல். இங்கே நானும் மாமியும் முழங்கால் நீங்கலாக மற்ற எல்லாப் பாகங்களிலும் சுகம். நீயும், உன் அம்மா செலீனாவும், மருமகனும் தலை தொடக்கம் கால் வரை ஒன்றும் நீங்கலில்லாமல் சுகமாயிருக்க ஆண்டவரைக் கேட்கிறோம்.

உன் உத்தியோகப் பெயரை முழுவதுமாக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். உறையின் மேலும் அப்படித்தான் எழுதுவேன். போனமுறை தபாற்கந்தோரில் இருக்கிற பிள்ளை, "ஐயா, இந்தப் பெயரின்ர பாரத்துக்கே முத்திரை கூட ஒட்டவேணும்" என்று பகிடி விட்டது. ஒட்டச் சொன்னேன். இங்கே ஆட்கள் உன் உத்தியோகம் என்னவென்று கேட்டால், கடலுக்கு நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் என்று சொல்வேன். சிரேஷ்ட என்றால் என்னவென்று கேட்டால், மற்ற வைத்தியர்கள் அவளைக் கேட்காமல் கடலுக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்க முடியாது என்று சொல்வேன். ஐக்கிய நாடுகள் சபைக்காரர் கடலில் கால் நனைப்பதென்றாலும் முதலில் உனக்குத் தொலைபேசி எடுப்பார்கள் என்று போன கிழமை சொன்னது கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஆனால் அதனால் எவருக்கும் நட்டமில்லை. நட்டம் வந்தது வேறொன்றால். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விசயத்துக்கு வாறன், பிள்ளை. இறங்குதுறை கட்ட வந்த கம்பனிக்காக நீங்கள் செய்து கொடுத்த அறிக்கை இங்கே வந்துவிட்டது. மூன்று பாகம், மூன்று மொழி, ஒவ்வொன்றும் பூசைப் புத்தகத்தின் தடிப்பு. பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் வைத்து, முப்பது நாட்களுக்குள் பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பொதுமக்களில் முதல் ஆளாக நான்தான் போனேன். உன் பெயர் அச்சில் இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் வாசிக்காமல் திரும்பி வந்தேன். அதுதான் நான் விட்ட பிழை. எனக்குப் பின்னால் போனவன் எங்கள் மீனவர் சங்கத் தலைவன் பஸ்ரியன். அவன் உள்ளே வாசித்தான். இரண்டாம் பாகத்திலே ஒரு வரைபடம், அதிலே கடலுக்குள் ஆழமில்லாமல் கிடக்கிற நம் சங்குத்திட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் மீன்பிடி நிரந்தரமாகத் தடைசெய்யப்பட வேண்டும் என்று ஒரு சிபாரிசு. ஏனென்றால் அங்கே ஆவுளியா, அதுதான் கடற்பன்றி, முற்காலத்தில் ஏராளமாக மேய்ந்ததாம். ஆதாரம்: அட்டவணை பதினான்கு.

இப்போது சோளகக் காற்று அடிக்கிற காலம் என்று உனக்குத் தெரியும். வெளிக்கடலுக்குப் போகமுடியாத இந்த மாதங்களில் எங்கள் முப்பத்தெட்டு வள்ளங்களும் வலை போடுவது அந்தத் திட்டில்தான். திட்டு மூடினால் முப்பத்தெட்டு அடுப்பும் மூடும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. வேண்டுமென்றால் மாமியைக் கேட்டுப்பார்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் நின்ற என்னைப் பஸ்ரியன் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் சங்கம் முழுவதும். சங்கத்துக்குப் பின்னால், பூசைக்குச் சம்பந்தமில்லாத ஆளாகிய மீன் வியாபாரி வஸீரும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அட்டவணை பதினாலிலை 'உள்ளூர்த் தகவலாளர் எ., வயது எழுபத்திரண்டு' எண்டு கிடக்கு. அந்த வயசிலை, அந்த எழுத்திலை எங்கட கரையிலை நீங்கள் ஒராள்தானே?"

"ஓம், நான்தான்" என்றேன், சற்று நிமிர்ந்துகொண்டு. அச்சில் ஏறியிருக்கிறேன் அல்லவா?

"நானூற்றிப் பன்னிரண்டு ஆவுளியா கண்டனீங்களோ?"

"அது குறைச்சுச் சொன்னது" என்று என் வாய் என்னைக் கேளாமலே சொல்லிவிட்டது.

"அண்ணை, நானூற்றிப் பன்னிரண்டு அந்தத் திட்டிலை நிண்டிருந்தால் வள்ளம் விட இடமிருந்திராது. ஒவ்வொண்டின்ர முதுகிலையும் கால் வைச்சுத் தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். எங்கட அப்பு ஏன் பாய்விரிச்சு ஓடினவர்?" எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ரியன் சிரிக்கவில்லை. "பகிடி இல்லை, அண்ணை. அந்தச் சிவப்பு வட்டம் உங்கட வாயாலை கீறினது. நீங்கள்தான் அழிக்கவேணும். பதினாறு நாள் போட்டுது, இன்னும் பதினாலு நாள்தான் கிடக்கு. உண்மையான தொகையை எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுங்கோ."

அவமானம் தாங்காமல், "வேணுமெண்டால் முன்னூறு எண்டு வை" என்றேன். உடனே வஸீர் சைக்கிள் மணியை ஒருதரம் அடித்தார். "முன்னூறு! முன்னூறு ஒருதரம்! இறக்கிறவங்க இறக்குங்க!" பாரை மீன் ஏலம் கூறுகிற அதே குரல். ஏலம் என்றால் மேலே போவதைத்தான் கண்டிருக்கிறேன், கீழே போகிற ஏலத்தை அன்றுதான் கண்டேன். பொருளும் நானே, விற்கிறவனும் நானே. "இருநூறு" என்றேன், "அதுக்குக் கீழை என்ர மனச்சாட்சி விடாது." "உங்கட மனச்சாட்சி என்னோடைதானே குடியிருக்குது, அறுபது எண்டு போடுங்கோ" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆர் என்று நினைக்கிறாய்? உன் மாமி பெற்றிசியா! கட்டின பெண்சாதியே ஏலத்தில் இறங்கினால் மனுசன் என்ன செய்வது? "அறுபது ஒருதரம், அறுபது ரெண்டுதரம்" என்று வஸீர் மணியடிக்க, கடைசியில் சரியான தொகை வெளியே வந்துவிட்டது.

"ஏழு" என்றேன்.

வஸீர் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பஸ்ரியன் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டான்: "அண்ணை, ஏழும் உயிரோடையோ?"

தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், இருந்து கேள்.

எங்கள் காலத்தில் வலையில் ஒரு கடற்பன்றி தவறி அகப்பட்டுக் கரைக்கு வந்தால், அது அகப்படுத்தினவனுடைய சொத்து அல்ல, கரையின் சொத்து. சட்டமெல்லாம் பிறகு வந்ததுதான், அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மணலிலே பனையோலையை வரிசையாக விரித்து, இறைச்சியைக் குவியல் குவியலாக வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு முதற்பங்கு. எந்தக் குவியல் ஆருக்கு என்பதில் சண்டை வரக்கூடாது என்பதற்காக, குவியல்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவன் கடலைப் பார்த்து நிற்பான். பெரியவர் ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பிப் பாராமல் அவன் ஒரு பெயரைக் கூப்பிடுவான். பெரிய துண்டோ, எலும்போ, அவன் கூப்பிட்ட பெயருக்குத்தான். ஒருவரும் மறுவார்த்தை பேசமாட்டார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை முடித்த இந்த எமிலியானுஸ்தான், பிள்ளை, பதினான்கு வருசமாய் அப்படிப் பெயர் கூப்பிட்டவன். என் குரல் அப்படி. காற்று வாக்காயிருந்தால் இராமேசுவரத்தில் ஆட்கள் "இஞ்சை இருக்கிறன்" என்று கையுயர்த்துவார்களாம். உன் அப்பா அமிர்தநாயகம், என் மச்சான், என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "மச்சான், பிரகாசியக்காவை விட்டிட்டாய்" என்று காதுக்குள் ஓதுவார். நான் விட்டிருக்கமாட்டேன். அவருக்கு என்னைக் குழப்பி விளையாடவேணும். பங்கு முடிந்து ஓலைகளைக் கடலில் அலசுகிற நேரம், அவருடைய சிரிப்பு திட்டு வரைக்கும் போய்த் திரும்பி வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டு இருபத்திரண்டு வருசம்.

எங்கள் கரையில் எவரும், "இன்றைக்கு ஒரு கடற்பன்றி பட்டது" என்று சொல்வதில்லை. "இன்றைக்கு அறுபது பங்கு வந்தது" என்றுதான் சொல்வார்கள். பெரிசா சின்னனா என்பது பங்குத் தொகையில் தெரிந்துவிடும். அதுதான் கணக்கு. அந்தக் கணக்குத்தான் என் தலையில் இருக்கிறது.

இனி, இரண்டு வருசத்துக்கு முன் நீ உன் ஆட்களோடு இங்கே வந்து நின்ற அந்த மூன்று கிழமையை நினைத்துப் பார். கல்யாணத்துக்குப் பிறகு என் வாழ்க்கையில் அப்படி மூன்று கிழமை வந்ததில்லை. இதை மாமிக்கு வாசித்துக் காட்டாதே, கல்யாணத்துக்கு முன்னும் வந்ததில்லை. உள்ளூர் வழிகாட்டி என்று எனக்கு ஒரு அட்டை எழுதிக் கழுத்தில் போட்டுவிட்டாய். நான் அதில் "வழிகாட்டி" என்பதை வெட்டி "ஆலோசகர்" என்று மாற்றியதை நீ கண்டும் காணாததுபோல் விட்டாய். செம்மஞ்சள் மிதவைச் சட்டை ஒன்று தந்தாய். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசைக்கும் போனேன், சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். காலை காலையாய்ச் சங்குத்திட்டுக்குப் போவோம். நீ சதுரமான இரும்புச் சட்டமொன்றைக் கடலடியில் வைத்து, மூச்சுக்குழாயோடு குப்புறக் கிடந்து, அந்தச் சட்டத்துக்குள் எத்தனை தாள் சாதாழைப் புல் என்று எண்ணுவாய். புல்லை எண்ணுகிற உத்தியோகத்துக்கா என் தங்கச்சி இவ்வளவு படிப்பித்தாள் என்று முதல்நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் நானும் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் போத்தலில் அள்ளி, பெயர் ஒட்டி, பெட்டியில் அடுக்குவாய். அள்ள முன்னம் நான் நாக்கில் ஒரு துளி வைத்து உப்பு எவ்வளவு என்று சொல்ல, "மாமா, உங்கட நாக்கையும் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொழும்புக்கு அனுப்பப்போறன்" என்று பேசுவாய். வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் இருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீ தண்ணியைப் பார்க்கிறபோது, உன் அப்பா அதே மாதிரி ஒரு கண்ணை மூடி ஆழம் பார்ப்பது எனக்கு நெஞ்சுக்குள் வந்துவிடும். நான் மற்றப் பக்கம் திரும்பி, கொக்கு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே கொக்கு ஒன்றுமே இல்லை.

கடைசிக்கு முதல்நாள், எங்கள் முற்றத்தில் கதிரை போட்டிருந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "மாமா, உங்கட காலத்திலை திட்டிலை ஆவுளியா எத்தனை கண்டிருப்பியள்? வருசம் வருசமாச் சொல்லுங்கோ."

"அறுபத்தொண்டிலை அறுபது" என்றேன்.

உன் பேனை நின்றுவிட்டது. "அறுபதோ, மாமா?"

பிள்ளை, சத்தியமாய்ச் சொல்கிறேன், முதல் வாய்க்கு நான் பங்கைத்தான் நினைத்தேன். ஆனால் நீ "அறுபதோ" என்று கேட்டபோது, நீ கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கின உடனே திருத்தியிருக்கவேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன். மூன்று கிழமையாய் வெயிலில் புல்லெண்ணிக் கறுத்துப்போன முகம், சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை எடுத்த நாளில் இருந்ததுபோல் மலர்ந்திருந்தது. "அறுபத்துமூண்டிலை ஐம்பத்திரண்டு" என்றேன். எழுதினாய். பிறகு வந்த வருசங்களுக்கு அறுபத்துநாலு, திரும்ப அறுபது, நாற்பத்தெட்டு, அறுபத்தாறு, கடைசியாய் எழுபத்தைந்தில் அறுபத்திரண்டு. நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, "மாமா, உங்களை மாதிரி ஒராளைத்தான் இவ்வளவு நாளும் தேடினனான்" என்றாய். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு, "இல்லைப் பிள்ளை, அது இறைச்சிப் பங்கு" என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை மன்னார் மாவட்டத்திலேயே இல்லை.

ஏழு சொன்னேன் அல்லவா? ஏழும் செத்தவை. ஏழுக்கும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன். உயிரோடு ஒன்றைக்கூட, ஒரு வாலைக்கூட, நான் கண்டதில்லை. எழுபத்துநான்கு வயதில் இதை முதன்முதலாய் உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஆகவே, உன்னை மன்றாடிக் கேட்கிறேன், அட்டவணை பதினான்கை வெட்டி எடுத்துவிடு. சிவப்பு வட்டத்தை அழித்துவிடு. உன் பெயருக்குப் பழுது வரக்கூடாது. ஆகையால் பிழை முழுவதையும் என் தலையில் போடு. "தகவலாளர் எ. வயோதிபத்தால் நினைவு மாறாட்டம் உடையவர், நம்பத்தகாதவர்" என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். பெரிய எழுத்தில் மட்டும் போடாதே. நாளைக்கு இதையே பிரதேச செயலகத்துக்கும் கொடுப்பதற்காக ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறேன்: "கீழே கையொப்பமிடும் நான், சங்குத்திட்டில் ஆவுளியா என்னும் பிராணியை ஒருபோதும் உயிரோடு கண்டதில்லை என்றும், அங்கே அப்படி ஒன்று இப்போது இல்லை என்றும், சுயபுத்தியோடு உறுதியளிக்கிறேன்." நல்லாய் இருக்கிறதல்லவா? நானே யோசித்து எழுதினது.

அடுத்தமுறை உன் கம்பனி எந்தக் கடலுக்குப் போனாலும் அங்கே வயதான தாய்மாமன்மாரிடம் படிவம் நிரப்பாதே. புல்லை எண்ணு, அது பொய் சொல்லாது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடு. செலீனாவுக்கு நான் எழுதியதில் இறைச்சிக் கதையைத் தவிர மற்றதெல்லாம் வாசித்துக் காட்டு. மடு மாதா உன் சதுரச் சட்டத்தையும், மூச்சுக்குழாயையும், உன்னையும் பத்திரமாய்க் கரை சேர்ப்பாளாக. மாமி உனக்கென்று காயவைத்த பாரைக் கருவாடு வஸீரின் ஆள் மூலமாக வருகிறது.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா
எமிலியானுஸ்
(தகவலாளர் எ.)

பி.கு.: 17.06.2017. உறையை ஒட்டினபிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதிய பக்கங்களை அடுப்பில் போடு. வாக்குமூலத்தை நான் கிழித்துவிட்டேன். அதற்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கப் பஸ்ரியனைக் கேட்டேன். "கண்ணாலை பாராமல், 'இல்லை' எண்ட சொல்லுக்குக் கீழை கையெழுத்து வைக்கமாட்டன். வாங்கோ, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்று இன்று விடியத் தன் வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். திட்டுக்கு அந்தப்பக்கம், சாதாழை அடர்ந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரக்கோலால் தள்ளினான். புல்லுக்குள்ளே மண்வெட்டியால் வழித்ததுபோல் நீள நீளமாய்ப் பாதை கிடந்தது. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்பக்கம் ஒரு சத்தம், ஆரோ முகம் கழுவி மூக்குச் சீறினமாதிரி. திரும்பினேன். ஒரு முதுகு. சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். பக்கத்தில், தாயின் செட்டைக்குக் கீழே, இன்னொரு சின்ன மூக்கு வெளியே வந்து மூச்சு விட்டது. வள்ளத்தைச் சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டே போயின. பஸ்ரியன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"அண்ணை."

"ஓம்."

"எண்ணினியளோ?"

"இரண்டு."

"எனக்கும் இரண்டுதான்" என்றான். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான். வள்ளத்தை இழுத்துக் கட்டினபிறகு சொன்னான்: "புல்லுக் கிடக்கிற அந்தப் பக்கத்தை மூடட்டும். தெற்குப் பக்கத்தை எங்களுக்கு விடச்சொல்லி எழுதுங்கோ, முப்பத்தெட்டு வள்ளத்துக்கும் அது காணும். சங்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன். ஆனால் பிள்ளை தானே வந்து தன்ர கண்ணாலை எண்ணட்டும். அதுவரைக்கும் ஆருக்கும் மூச்சு விடாதேங்கோ, சொன்னியள் எண்டால் நாளைக்கே மன்னார் முழுக்க வள்ளம் பிடிச்சுப் பாக்கப் போய் அதுகளைக் கலைச்சுப்போடும்." கையடித்துச் சத்தியம் வாங்கினான்.

ஆகவே உடனே வா, இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. தொகை இரண்டு. பெரிசு ஒன்று, குட்டி ஒன்று.

வீட்டுக்கு வந்தேன். "கடலிலை என்ன கண்டனீங்கள்?" என்று மாமி கேட்டாள். "ஒண்டும் இல்லை" என்றேன். ஐம்பத்தொரு வருசத்தில் என் வாயால் அப்படி ஒரு மறுமொழியை அவள் கேட்டதில்லை. கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.